1870-க்கு முன்னால் ஒரு பெயர்: அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட முன்னோரைத் தேடி வாரிசு அமைப்பில் சேர்வது எப்படி?

எங்கள் கல்யாணப் பத்திரிகையைத் தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் அடித்தோம். அச்சகக்காரர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, "மாப்பிள்ளையோட அப்பா பேரு, தாத்தா பேரு, ஊரு சொல்லுங்கம்மா" என்றார். பெண் வீட்டுப் பக்கம் நான்கு தலைமுறைப் பெயர்களை அப்பா மடமடவென்று சொல்லி முடித்துவிட்டார். மாப்பிள்ளை வட கரோலைனாவில் இருந்தார். ஃபோனில் கேட்டேன். அப்பா பெயரும் தாத்தா பெயரும் சொன்னார். கொள்ளுத்தாத்தாவை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்கும் முந்தியவர்களைக் கேட்டபோது கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அவர்களை அடிமைகளாக வைத்திருந்தார்கள். யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை" என்றார்.

எழுதிவைத்திருந்தார்கள். அது எங்கே இருக்கிறது, எந்த வரிசையில் தேடினால் கைக்கு வரும் என்பதுதான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரைய வேண்டி வந்தபோது அம்மா பக்கக் கிளை உயர்ந்துகொண்டே போக, அப்பா பக்கம் பாதியில் நின்றது. அன்றைக்குத் தேட ஆரம்பித்தோம். இரண்டு வருடம் மூன்று மாதம் ஆனது. அதில் எட்டு மாதம் தவறான குடும்பத்தின் பின்னால் போய் வீணானது. உங்களுக்கு அந்த எட்டு மாதம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

யாருக்கு இது? ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களில் கல்யாணம் செய்துகொண்ட நம்மவர்களுக்கு, அவர்கள் பிள்ளைகளுக்கு, நூலகங்களில் தன்னார்வலராக உதவுகிறவர்களுக்கு. வாரிசு அமைப்பு என்றால், இன்ன முன்னோரின் வழிவந்தவர் என்று ஆவணத்தோடு காட்டுகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் சங்கம். நான் தேடியது வட கரோலைனாவில். மற்றத் தென் மாநிலங்களில் பதிவேடுகளின் பெயர் மாறும், தேடும் வரிசை மாறாது.

முதலில் செலவும் காலமும்

சான்றிதழ் நகல்கள் ஏழு, ஒன்று 10 டாலர் வீதம் 70. ராணுவ ஓய்வூதியக் கோப்பு ஒன்று, கூடுதல் பக்கங்கள் சேர்த்து 112. தள்ளுபடிக் காலத்தில் வாங்கிய இரண்டு டிஎன்ஏ சோதனைப் பெட்டிகள் 120-ஐ ஒட்டி. சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் முதியோர் ஓய்வூதியத் திட்டம்) விண்ணப்ப நகல் ஒன்றுக்குச் சுமார் 20. ஆக, அமைப்புக் கட்டணமும் பெட்ரோலும் போக 350 டாலருக்குள் முடிந்தது. கட்டணத் தளங்களுக்கு நாங்கள் ஒரு காசு கொடுக்கவில்லை. ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்தின் நூலகப் பதிப்பு பல பொது நூலகங்களில் இலவசம், அதே போன்ற ஃபேமிலிசர்ச் தளம் எல்லோருக்கும் இலவசம். கட்டணங்கள் மாறக்கூடியவை, பணம் கட்டும் அன்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலத்தை வாரத்துக்கு ஒரு மாலை என்று வைத்துக்கொண்டால் ஒரு வருடத்தில் 1870-ஐ, அதாவது விடுதலை பெற்றவர்களைப் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பைத் தொடலாம். அதைத் தாண்டுவது ஊரையும் பதிவேட்டையும் பொறுத்தது.

1. கணினியைத் திறக்காதீர்கள், பெரியவர்கள் வீட்டுக்குப் போங்கள்

மாமனாரின் அத்தை, பதினோரு பிள்ளைகளில் கடைசி, நாங்கள் தேடத் தொடங்கியபோது 94 வயது. நான் முதல் மூன்று மாதம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு நான்காம் மாதம்தான் அவர் வீட்டுக்குப் போனேன். அது தவறு. ஆவணம் எங்கேயும் ஓடிவிடாது, அத்தையின் ஞாபகம் அப்படியில்லை.

போகும்போது பழைய படம் ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். "உங்கள் முன்னோரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எதுவும் வராது. படத்தைக் காட்டி "இது யார் வீட்டுத் திண்ணை?" என்று கேட்டால் பேச்சு வரும். அப்படியே கேட்க வேண்டியவை: எந்தச் சர்ச்சில் ஞானஸ்நானம்? பிரசவம் பார்த்தவர் யார்? யார் நிலத்தில் விளைச்சலில் பங்குக்கு உழுதார்கள்? பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? பக்கத்துப் பண்ணையில் யார் இருந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பது ஐந்தாம் படியில் தெரியும். அனுமதி கேட்டுவிட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். அவர் ஒன்றைச் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாவது தடவை போகும்போது அவராகவே சொல்லக்கூடும்.

அத்தையின் பைபிளுக்குள் 63 இறுதிச்சடங்கு நிகழ்ச்சி நிரல்கள் இருந்தன. ஆப்பிரிக்க அமெரிக்கச் சர்ச்சுகளில் ஒருவர் இறந்தால் படத்தோடு ஒரு சிறு புத்தகம் அச்சிடுவார்கள். பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், மணமான பெண்களின் ஊர், சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கும். நம்மூரில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற விவரமெல்லாம் அந்த நான்கு பக்கத்தில் கிடைக்கும். ஒவ்வொன்றையும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படமெடுங்கள். பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதிய பெயர்தான் எங்களுக்கு கொள்ளுத்தாத்தாவின் முழுப் பெயரைத் தந்தது.

2. தலைமுறைக்கு ஓர் உறை

வாரிசு அமைப்புகள் கேட்பது கதையை அல்ல, கண்ணியை. இவர் அவருடைய பிள்ளை என்பதற்கு ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள் வேண்டும். ஆகவே தலைமுறைக்கு ஓர் உறை போடுங்கள். உறையின் மேல் மூன்று வரி: பிறப்பு, திருமணம், இறப்பு. எது கிடைத்ததோ அதற்கு நேரே டிக்.

வட கரோலைனாவில் பிறப்பு, இறப்பைப் பதிவு செய்வது மாநிலம் முழுக்கத் தொடங்கியது 1913-இல். இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா, அம்மா பெயர் இருக்கும். 1930-இல் இறந்த ஒருவர் 1850-இல் பிறந்தவராக இருந்தால், அந்த ஒரு தாள் அடிமை முறைக் காலத்துக்குள் கை நீட்டிவிடும். மாநில அலுவலகத்தில் கேட்பதைவிட அந்தந்தக் கவுன்ட்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) பத்திரப் பதிவு அலுவலகத்தில் கேட்டால் மலிவு. அதற்கும் முன்னால் ஃபேமிலிசர்ச்சில் பாருங்கள், பழைய இறப்புச் சான்றிதழ்களின் படமே இலவசமாக இருக்கிறது.

இறப்புச் சான்றிதழில் 'தகவல் தந்தவர்' என்று ஒரு பெயர் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். தகவல் தந்தவர் மகளா, மருமகனா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெற்றோர் பெயரை நம்பலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

1870-களிலும் 80-களிலும் பிறந்தவர்களில் சிலர் சோஷியல் செக்யூரிட்டிக்கு விண்ணப்பித்திருப்பார்கள். எஸ்எஸ்-5 என்ற அந்த விண்ணப்பத்தில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் விண்ணப்பித்தவர் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கும். நகலுக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் கல்யாணம் தமிழ்நாட்டில் பதிவாகியிருந்தால் சான்றிட்ட நகலை இப்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிவையுங்கள். இனிஷியல் பிரச்சினை இங்கேயும் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், கல்யாணச் சான்றிதழில் இனிஷியல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம் என்றிருந்தால், பிள்ளைகள் பெயரில் விண்ணப்பிக்கும்போது மூன்றும் ஒரே ஆள்தான் என்று விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும்.

3. 1950-லிருந்து பின்னோக்கி, ஒரு படியும் தாண்டாமல்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகளுக்குப் பிறகே பொதுவில் வரும். 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரல் 1 அன்று வந்தன. அங்கே தொடங்கி 1940, 1930 என்று ஒவ்வொன்றாக இறங்குங்கள். 1900-ஆம் ஆண்டுத் தாள் தங்கம்: பிறந்த மாதம், வருடம், கல்யாணமாகி எத்தனை வருடம், தாய்க்கு எத்தனை பிள்ளைகள் பிறந்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது வரை கேட்டு எழுதியிருக்கிறார்கள். 1890-இன் தாள்கள் 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தால் ஏறக்குறைய முழுவதும் அழிந்தன. அதனால் 1900-க்கும் 1880-க்கும் நடுவே இருபது வருடப் பள்ளம் இருக்கும். பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, தனிக்குடித்தனம் போய்விட்டிருப்பார்கள். பள்ளத்தைத் திருமணப் பதிவுகளால் நிரப்புங்கள்.

1880-இல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்று எழுதியிருக்கும். 1870-இல் அது இல்லை. ஒரே வீட்டில் ஆண், பெண், நான்கு பிள்ளைகள் இருந்தால் அது கணவன் மனைவி மக்கள்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அக்கா தம்பியாக இருக்கலாம், பெற்றோரை விற்றுவிட்டதால் யாரோ எடுத்து வளர்த்த பிள்ளைகளாக இருக்கலாம்.

எழுத்துக்கூட்டலை நம்பவே நம்பாதீர்கள். கணக்கெடுக்க வந்தவர் காதில் விழுந்ததை எழுதினார். எங்கள் குடும்பப் பெயர் நான்கு தாள்களில் நான்கு விதமாக இருந்தது. வயது ஐந்து வருடம் முன்பின்னாக வந்தாலும் ஆளைத் தள்ளிவிடாதீர்கள்.

விடுதலை பெற்ற மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதிய முதல் தேசியக் கணக்கெடுப்பு 1870-தான். அதற்கு முன்னால் பெயர் கிடைப்பது கடினம் என்பதால் தேடுபவர்கள் இதை '1870 சுவர்' என்பார்கள். சுவரில் முட்டியதும் ஒரு வேலை செய்யுங்கள்: உங்கள் குடும்பத்துக்கு மேலே பத்து வீடு, கீழே பத்து வீடு, எல்லாப் பெயர்களையும் வயதோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கறுப்பர், வெள்ளையர் இருவரையும். அலுப்பாக இருக்கும், ஆனால் பிறகு நீங்கள் திரும்பத் திரும்பப் புரட்டப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

இன்னொன்று. 1860-இல் வட கரோலைனாவில் மட்டும் சுமார் 30,000 கறுப்பின மக்கள் அடிமைத்தளையில் இல்லாமல் வாழ்ந்தார்கள். அவர்கள் 1850, 1860 கணக்கெடுப்புகளில் பெயரோடு இருப்பார்கள். அதில் ஒருமுறை தேடிவிட்டு மேலே போங்கள்.

4. 1865-க்கும் 1872-க்கும் நடுவே

அடிமை முறைக்கு முடிவு கட்டிய உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், விடுதலை பெற்றவர்களுக்காக அமெரிக்க அரசு 1865 மார்ச்சில் அமைத்த அலுவலகம் ஃப்ரீட்மென்ஸ் பீரோ. 1872 வரை இருந்தது. கூலி ஒப்பந்தம், ரேஷன், மருத்துவமனை, பள்ளிக்கூடம், புகார் மனு, திருமணம் என்று எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் உழைத்து அந்தத் தாள்களில் இருந்த சுமார் 18 லட்சம் பெயர்களை 2016-இல் அட்டவணைப்படுத்தி முடித்தார்கள். ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகப் பார்க்கலாம்.

இங்கே முதலில் தேட வேண்டியது கூலி ஒப்பந்தம். விடுதலை பெற்றவர்களில் பலர் அடுத்த ஓரிரு வருடம் பழைய பண்ணையிலோ பக்கத்துப் பண்ணையிலோதான் கூலிக்குப் போனார்கள். ஒப்பந்தத்தின் மறுபக்கம் பெரும்பாலும் முன்னாள் உடைமையாளர்தான். என் கணவரின் எள்ளுத்தாத்தாவை நாங்கள் 1866-ஆம் ஆண்டு ஒப்பந்தம் ஒன்றில் கண்டுபிடித்தோம். இருபது வயது. பெயருக்கு நடுவே கையெழுத்துக்குப் பதிலாக அவர் போட்ட பெருக்கல் குறி. ஒரு கோடு நீளம், மற்றது குட்டை, குட்டைக் கோட்டின் நுனியில் மை பரவியிருந்தது. திரையில் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அன்றைக்கு இரவு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்து, கூடிவாழ்ந்த பதிவு. அடிமை முறைக் காலத்துத் திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொள்ளவில்லை. 1866-இல் வட கரோலைனா, அப்படி வாழ்ந்த தம்பதிகள் கவுன்ட்டி எழுத்தரிடமோ நீதிபதியிடமோ போய்ப் பதிவு செய்துகொள்ளச் சொன்னது. கட்டணம் 25 சென்ட். எத்தனை வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைச் சொல்லிப் பதிந்தார்கள். 'முப்பத்தொரு வருடம்' என்று ஒரு பெயருக்கு நேரே பார்க்கும்போது, சட்டம் இல்லாமலே அந்தக் குடும்பம் நின்ற காலம் கண்ணுக்குத் தெரியும். எல்லாக் கவுன்ட்டிப் பதிவேடுகளும் மிஞ்சவில்லை. வர்ஜீனியாவிலும் இதே போன்ற பதிவேடுகள் உண்டு, அவற்றில் கடைசி உடைமையாளர் பெயரும் இருக்கும்.

ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க்கின் கணக்குப் பதிவேடுகளையும் பாருங்கள். 1865 முதல் 1874 வரை நடந்த வங்கி அது. வட கரோலைனாவில் நியூ பெர்ன், வில்மிங்டன் போன்ற ஊர்களில் கிளை இருந்தது. கணக்கு தொடங்கும்போது ஆளை அடையாளம் காணப் பெற்றோர், உடன்பிறந்தோர், சில சமயம் பழைய எஜமான் பெயர் வரை கேட்டு எழுதினார்கள்.

யாராவது போருக்குப் போனாரா என்பதையும் கட்டாயம் பாருங்கள். வடக்குத் தரப்பின் கறுப்பினப் படைப்பிரிவுகளில் சுமார் 1,79,000 பேர் சேர்ந்தார்கள். நேர் முன்னோர் போகாவிட்டாலும் அவருடைய அண்ணன் தம்பி போயிருக்கலாம். எங்கள் எள்ளுத்தாத்தாவின் அண்ணன் 37-ஆவது படைப்பிரிவில் இருந்து, கல்யாணம் ஆகாமலே இறந்தவர். மகனை நம்பி வாழ்ந்த தாய் என்ற முறையில் அவர் அம்மா ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். தாய்தான் என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழா இருந்தது? பிரசவம் பார்த்த மருத்துவச்சியும், ஒரே பண்ணையில் இருந்த இரண்டு பெண்களும் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். சோளம் ஒடிக்கிற வாரத்தில் பிறந்த பிள்ளை என்கிறார் மருத்துவச்சி. அந்தத் தாயின் பெயரும் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் அந்தக் கோப்பில் இருக்கின்றன.

இந்தக் கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் என்ஏடிஎஃப் 85 என்ற படிவத்தில் கேட்க வேண்டும். முதல் 100 பக்கத்துக்கு 80 டாலர், மேலே ஒவ்வொரு பக்கத்துக்கும் 70 சென்ட் கட்டினோம். வர மாதக்கணக்கில் ஆகும், அதனால் படைவீரர் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்த அன்றே கேட்டுவிடுங்கள். 'முழுக் கோப்பு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறு தொகுப்பை வாங்கினால் சாட்சி வாக்குமூலங்கள் விடுபட்டுப்போகும்.

5. உடைமையாளரைக் கண்டுபிடிப்பது: எட்டு மாதம் வீணான இடம்

1850, 1860-இல் அடிமைகளுக்கென்று தனிப் பட்டியல் எடுத்தார்கள். அதில் உடைமையாளர் பெயர் இருக்கும். கீழே வயது, பால், நிறம். அடிமைப்படுத்தப்பட்டவரின் பெயர் அநேகமாக எங்கும் இருக்காது. நான் செய்த தவறு இதுதான்: எங்கள் குடும்பப் பெயரையே கொண்ட ஓர் உடைமையாளர் அதே கவுன்ட்டியில் இருந்தார், அவர் பட்டியலில் 14 வயதுப் பையன் ஒருவன் இருந்தான், கணக்கு சரியாக இருக்கிறதே என்று அந்த வம்சத்தின் உயில்களையெல்லாம் எட்டு மாதம் படித்தேன். எவனோ ஒரு 14 வயதுப் பையன் அவன். விடுதலைக்குப் பிறகு பலர் கடைசி எஜமானின் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு எஜமானுக்கு முந்தியவர் பெயரை, தகப்பனை வைத்திருந்தவர் பெயரை, தாங்களே தேர்ந்த பெயரை வைத்துக்கொண்டார்கள். குடும்பப் பெயர் ஒத்துப்போவது ஒரு துப்பு, அவ்வளவுதான். வயதுப் பட்டியலை மட்டும் வைத்து ஒருவரையும் உங்கள் முன்னோர் என்று எழுதாதீர்கள்.

சரியான உடைமையாளர் வேறு குடும்பப் பெயர் கொண்டவர். கூலி ஒப்பந்தத்தில் மறுபக்கம் கையெழுத்திட்டவர் அவர். 1870 தாளில் எங்கள் வீட்டிலிருந்து ஏழாவது வீடு. அத்தை ஒலிப்பதிவில் 'பக்கத்துப் பண்ணை' என்று சொன்ன பெயரும் அதுவே. மூன்றும் ஒரே இடத்தைக் காட்டிய பிறகுதான் அந்த வம்சத்தின் சொத்துப் பத்திரங்களுக்குப் போனோம்.

அங்கே பார்க்க வேண்டியவை உயில், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியல், பாகப்பிரிவினை, கிரயப் பத்திரம், அடமானப் பத்திரம், வருடக் கூலிக்கு விட்ட கணக்கு. நம்மூரில் நிலத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதே வேலைதான். மனிதர்களைச் சொத்தாக எழுதியதால் கைமாறிய ஒவ்வொரு முறையும் ஒரு தாள் உண்டாயிற்று. உயிலோடு நிறுத்திவிடாதீர்கள். உயிலில் 'என் மனைவிக்கு அவளுக்குப் பிடித்த ஐந்து பேர்' என்று பெயரில்லாமல் இருக்கும், சொத்துப் பட்டியலில்தான் பெயர் வரும். பிள்ளையின் நிலை தாயைத் தொடரும் என்று 1662-இலேயே வர்ஜீனியா சட்டம் போட்டது, மற்றக் காலனிகளும் அதையே பின்பற்றின. ஆகவே தாயின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள். சின்னப் பிள்ளைகள் தாய் பெயரோடு சேர்த்தே எழுதப்பட்டிருப்பார்கள்.

கருவிகள் இரண்டு சொல்கிறேன். வட கரோலைனா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாக நூலகம், கவுன்ட்டிப் பத்திரப் பதிவு அலுவலகங்களில் இருந்த அடிமை விற்பனைப் பத்திரங்களைத் தொகுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஃபேமிலிசர்ச்சில் கையெழுத்துத் தாள்களைக் கணினியே படித்துத் தேடித்தரும் வசதி 2024-இல் வந்தது. பழைய நிலப் பத்திரங்களும் உயில்களும் அதில் இருக்கின்றன. முதல் பெயரோடு கவுன்ட்டி பெயரையும், கறுப்பின மக்களைக் குறித்த அந்தக் காலத்துச் சொற்களையும் சேர்த்து அடியுங்கள். அந்தச் சொற்களை இன்று யாரும் வாயால் சொல்ல மாட்டோம். தேடுவதற்கு வேறு வழியில்லை.

ராலியில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்கு நேரில் போகிறவர்கள் அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டுபோங்கள், பேனா கூடாது. பையை வெளியே பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும்.

1853-ஆம் ஆண்டுச் சொத்துப் பட்டியலில் எள்ளுத்தாத்தாவின் அம்மா இருந்தார். மேலே இரண்டு கோவேறு கழுதை, ஒரு வண்டி. கீழே அவர் பெயர், 'நான்கு பிள்ளைகளும்', பக்கத்தில் ஒரு டாலர் தொகை. ஓய்வூதியக் கோப்பில் இருந்த அதே பெயர், அதே பிள்ளைகள். அடுத்த பக்கத்தில் பாகப்பிரிவினை. அவரும் சின்னப் பிள்ளைகள் இரண்டும் மூன்றாம் பங்கு. மூத்த மகன்கள் இருவர் முதல் பங்கு. வாரிசுகள் சீட்டெடுத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் கணவர் மடிக்கணினியை மூடிவிட்டுத் தோட்டத்துக்குப் போய் இருட்டும்வரை செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தொகையை நோட்டில் எழுதவில்லை. நீங்கள் எழுத வேண்டுமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. ஆனால் இந்தக் கட்டத்தில் யாரையும் தனியாகப் படிக்க விடாதீர்கள்.

6. டிஎன்ஏ

வீட்டில் மூத்தவரை முதலில் சோதியுங்கள், பிள்ளைகளை அல்ல. ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் பாதி போய்விடும். நைஜீரியா இத்தனை சதவீதம், செனகல் இத்தனை சதவீதம் என்று வரும் படம் ஆவணமாகாது, எந்த அமைப்பும் அதை மட்டும் வைத்துச் சேர்க்காது. பயன்படுவது உறவுப் பொருத்தப் பட்டியல். முதல் பங்குக்குப் போன மகன்களின் வம்சத்தில் ஒரு குடும்பம் ஓஹையோவில் இருப்பது எங்களுக்கு அதில்தான் தெரிந்தது. வெள்ளை உறவினர்களும் பட்டியலில் வருவார்கள். அதற்கான காரணத்தை வீட்டில் எல்லோரும் தாங்குவார்களா என்று பேசிவிட்டு எச்சில் குப்பியைக் கையில் கொடுங்கள்.

7. எந்த அமைப்பு?

மூன்று வகை உண்டு. குழப்பிக்கொண்டால் பணமும் நேரமும் போகும்.

ஆராய்ச்சிச் சங்கங்கள் முதல் வகை. ஆப்ரோ அமெரிக்கன் ஹிஸ்டாரிகல் அண்ட் ஜீனியலாஜிகல் சொசைட்டி 1977-இல் வாஷிங்டனில் தொடங்கப்பட்டது. பல ஊர்களில் கிளைகள், வருடாந்திர மாநாடு, சொந்தமாக ஓர் இதழ். சேர எந்தச் சான்றும் வேண்டாம், என்னைப் போல மருமகளாக வந்தவர்களும் சேரலாம். முதலில் இங்கே சேருங்கள். எட்டு மாதத் தவறை எனக்கு இப்படிப்பட்ட கூட்டம் ஒன்றில் ஒரு மூத்த பெண்மணி பத்து நிமிடத்தில் சுட்டிக்காட்டினார். 'அடிமை' என்று சொல்லாமல் 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று சொல்லக் கற்றதும் அவரிடம்தான். சொத்துப் பட்டியல் ஒன்றைப் படித்தால் மூடுவதற்கு முன் அதிலுள்ள எல்லாப் பெயர்களையும் உரக்க வாசிப்பது அவர்கள் வழக்கம். உங்கள் குடும்பப் பெயரை மட்டுமல்ல, எல்லோர் பெயரையும்.

வம்சாவளி அமைப்புகள் இரண்டாவது வகை. 2011-இல் ஈவ்லின் மெக்டவல் நிறுவிய சன்ஸ் அண்ட் டாட்டர்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ் மிடில் பாஸேஜ் இதில் முக்கியமானது. அடிமைப்படுத்தப்பட்ட ஒருவரின் நேர் வாரிசு என்று ஆவணத்தோடு காட்ட வேண்டும். சேர்ந்தால் உங்கள் முன்னோர் பெயர் அவர்கள் பதிவில் ஏறும்.

மூன்றாவது, ஓர் இடத்தைச் சார்ந்த வாரிசுக் குழுக்கள். 1838-இல் மேரிலாந்து இயேசு சபையினர் லூசியானாவுக்கு விற்ற 272 பேரின் வாரிசுகளுக்கு ஒரு சங்கம் உண்டு. 1860-இல் அலபாமாவுக்கு வந்த கிளோடில்டா என்ற அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகளுக்கும் உண்டு. வட கரோலைனாவில் சாமர்செட் பிளேஸ் பண்ணையின் வாரிசான டோரத்தி ஸ்ப்ருயில் ரெட்ஃபோர்ட் பத்து வருடம் ஆவணங்களைத் துருவி, 1986 ஆகஸ்டில் வாரிசுகளை அந்த மண்ணிலேயே ஒன்றுகூட்டினார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். டர்ஹம் பக்கம் இருப்பவர்கள் ஸ்டாக்வில் போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் 900 பேர் வரை அடிமைப்படுத்தப்பட்டிருந்த பெரும்பண்ணைகளின் மையம் அது. அங்கே நிற்கும் குடியிருப்புகளின் செங்கற்களில் சிலவற்றில், ஈரம் காய்வதற்குள் பதிந்த விரல் தடம் இருக்கிறது. உங்கள் குடும்பம் எந்தப் பண்ணை என்று தெரிந்த பிறகே இந்த வகைக்குப் போக முடியும். அதனால் இது கடைசியில் வரும்.

8. விண்ணப்பம் திரும்பி வராமல் இருக்க

எங்களுடையது ஒருமுறை திரும்பி வந்தது. காரணம், கொள்ளுத்தாத்தாவுக்கும் அவர் அப்பாவுக்கும் நடுவே நான் வைத்த தாள் இணையத்தில் இருந்த வேறொருவரின் குடும்ப மரம். அது சான்று ஆகாது. அதை எடுத்துவிட்டு 1951-ஆம் ஆண்டு இறப்புச் சான்றிதழையும் 1900 கணக்கெடுப்புத் தாளையும் வைத்ததும் ஏற்றுக்கொண்டார்கள்.

விண்ணப்பம் வாரிசின் பெயரில் இருக்க வேண்டும், தேடியவர் பெயரில் அல்ல. உங்கள் பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் பெயர் உள்ள நீளப் படிவமாக இருக்கட்டும். பெயர் மாறிவரும் இடங்களில் இரண்டு பெயரையும் காட்டும் தாள் ஒன்றைச் சேருங்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் எந்தக் காப்பகம், எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். மூலத் தாளை ஒருபோதும் அனுப்பாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கறுப்பு மையால் அடித்துவிடுங்கள். நேரடிச் சான்று இல்லாத கண்ணி ஒன்று இருந்தால், கிடைத்த துணைச் சான்றுகளை வரிசைப்படுத்தி ஒரு பக்கத்துக்குள் வாதமாக எழுதுங்கள். அதையும் பரிசீலிப்பார்கள்.

9. கல்லறையும், திருப்பிக் கொடுப்பதும்

கல்லறை என்றால் பெயர் வெட்டிய கல்லைத் தேடாதீர்கள். பெயரில்லாத காட்டுக்கல், நிலத்தில் வரிசையான பள்ளங்கள், குளிர்காலத்திலும் பச்சையாகத் தரையோடு படர்ந்த பெரிவிங்கிள் கொடி, சிப்பிகள். இவை அடையாளம். இலை உதிர்ந்த ஜனவரி, பிப்ரவரியில் போனால் கண்ணுக்குத் தெரியும், பாம்புப் பயமும் குறைவு. தனியார் நிலத்தில் இருந்தால் முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால், வட கரோலைனாச் சட்டப்படி வாரிசுகள் கவுன்ட்டியின் சுப்பீரியர் கோர்ட் எழுத்தரிடம் மனுப் போட்டு உள்ளே போக உத்தரவு வாங்க முடியும். இடத்தை மாநிலத் தொல்லியல் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள், நாளைக்கு வீட்டுமனை போட வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

சேர்த்த தாள்களை ஒரு பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சார்ல்ஸ்டனில் 2023-இல் திறந்த இன்டர்நேஷனல் ஆப்ரிக்கன் அமெரிக்கன் மியூசியத்தில் குடும்ப வரலாற்று மையம் ஒன்று இருக்கிறது. இறுதிச்சடங்கு நிகழ்ச்சி நிரல்களையும் அவர்கள் சேகரித்து எல்லோரும் தேடும்படி வைக்கிறார்கள். உள்ளூர் நூலகம் வழியாகப் போனால் சேப்பல் ஹில்லில் உள்ள டிஜிட்டல் மரபு மையம் இலவசமாக ஸ்கேன் செய்து தரும். படங்களின் பின்னால் மென்மையான பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதிவிட்டுக் கொடுங்கள்.

போன நவம்பரில் அத்தை போய்விட்டார். நிகழ்ச்சி நிரல் அடிக்கக் கொடுத்தபோது அச்சகத்தில் அந்தப் பெண் அப்பா அம்மா பெயரைக் கேட்டார். என் கணவர் சொன்னார். பிறகு தாத்தா பெயர், அந்தத் தாத்தாவின் அம்மா பெயர், அவர் பிறந்த கவுன்ட்டி எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டாம் பக்கத்தில் மேலேயே வந்திருக்கிறது. இருநூறு பிரதிகள் போதும் என்றார்கள், இருபது கூடுதலாக அடித்தோம். அதில் மூன்றை சார்ல்ஸ்டனுக்கு அனுப்பியாயிற்று.